ஆறு சார்ஜ் பாயிண்டும் ஒரு காம்பஸும்

இல்ல மேடம், அது சிகரெட்டத் தட்டுற கிண்ணம் இல்ல. அதுவும் சார்ஜ் பாயிண்ட்தான். அந்த ரப்பர் மூடியத் திறங்க, உள்ள ரெண்டு ஓட்டை தெரியும். மூடி வெச்சா மழை, அலை எதுவும் உள்ள போகாது. யாரு மூடுறா? பாருங்க, ஒரே கோடையில உப்பேறி எப்படிப் பச்ச புடிச்சுக் கெடக்குன்னு.

ஆமா, மொத்தம் ஆறு. எல்லாம் நான் போட்டதுதான். டென்சில் ட்ரெவின்னு எழுதிக்குங்க. முப்பது வருஷமா இந்த ஃபால்மத் துறைமுகத்துல படகுக்கு ஒயர் இழுக்கிறதுதான் பொழப்பு. இன்சூரன்ஸ்லேருந்து ஆள் வர்றாங்கன்னு நேத்தே சொன்னாங்க, அதான் காலையிலயே வந்து உக்காந்துட்டேன்.

அதத்தான் நானும் கேட்டேன். பாய்மரப் படகுக்கு எதுக்குய்யா ஆறுன்னு. நம்ம துரை இருக்காரே, பியர்ஸ் ஹாலட், இந்தப் படகோட முதலாளி, விரல் விட்டுச் சொன்னாரு. அவர் போனுக்கு ஒண்ணு, வீட்டம்மா போனுக்கு ஒண்ணு, மேப் பாக்குற டேப்லட்டுக்கு ஒண்ணு, கேமராவுக்கு, பாட்டுப் பெட்டிக்கு. ஆறாவது எதுக்குன்னேன். விருந்தாளி வந்தா கேப்பாங்களாம். காத்துல ஓடுற படகு மேடம் இது. அவரு காத்தடிக்குதான்னு போன்லதான் பாப்பாரு. ஒரு நாள் தொப்பலா நனைஞ்சு நின்னுக்கிட்டு, இப்ப மழை இல்லையாம் டென்சில்ங்கிறாரு. போன்ல அப்படித்தான் போட்டிருக்காம். நான் என்னத்தச் சொல்ல, சரிங்கன்னேன்.

வர்றேன் வர்றேன், படகு மோதின அந்தச் சனிக்கிழமைக்குத்தான் வர்றேன். நான் படகுல இல்ல. லவீனா சொன்னது, கூட இருந்தவங்க சொன்னது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். லவீனா யாருன்னு தெரியும்ல? அன்னைக்குச் சுக்கான் புடிச்ச பொண்ணு. துரைக்குச் சம்பளத்துக்கு ஓட்டுறவ. காலையில பதினோரு மணிக்கு மூடுபனி எறங்கிருச்சு. நீட்டின கை தெரியல. அந்த நேரம் பாத்து நம்மாளு மேப் காட்டுற டேப்லட்டக் கழட்டிக்கிட்டுக் கீழ போயிட்டாரு. எதுக்கு? ரக்பி மேட்ச் பாக்க. போறப்ப, முந்நூத்திப் பத்து டிகிரியிலயே புடிச்சுக்கோன்னு சொல்லிட்டுப் போனாரு. அவளும் திசை காட்டுற காம்பஸ்ல முந்நூத்திப் பத்த விட்டுக் கண்ண எடுக்கல. அரை மணி நேரத்துல பாறை. அடிக்கட்டை பொளந்துருச்சு. உசுரு போகாதது அவங்க நல்ல நேரம்.

இப்ப துரை என்ன எழுதிக் குடுத்திருக்காரு? பொண்ணு தூங்கிட்டா. உங்ககிட்டயும் அதத்தான் சொல்லியிருப்பாரு. அடுத்த மாசம் மீட்புப் படகுல சேர வேண்டியவ மேடம் அவ. தூங்கிப் படகப் பாறையில ஏத்தினவன்னு நீங்க ஒரு வரி எழுதிட்டா, இந்தக் கரையில ஒரு பய அவள ஓட்ட விடமாட்டான்.

அதானே, அந்தக் கேள்வி வரும்னு தெரியும். ஆமா, ஒயர் போட்டு முடிச்சதும் காம்பஸச் சரி பாத்தேன். காம்பஸ் பக்கத்துல ஒரு ஆணி அடிச்சாக்கூட, படகக் குடாவுக்குள்ள ஒரு வட்டம் ஓட்டி, கரையில சர்ச் கோபுரம், கலங்கரை விளக்கம்னு ஒவ்வொண்ணா வெச்சு ஒத்துப் பாக்கணும். இங்க எல்லாரும் செய்றதுதான். நானும் செஞ்சேன். அரை டிகிரி பிசகல. நல்லாருக்குன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்தேன். காம்பஸ் மேல தப்பு இல்லேன்னா ஓட்டினவ மேலதான் தப்பு. துரையோட வக்கீல் அதத்தான புடிச்சுக்கிட்டுத் தொங்குறாரு?

இல்ல, துரைய மட்டும் குத்தம் சொல்ல முடியாது. அவருக்கு ரக்பி, எனக்குப் பேஸ்டி, அதுல நான் ஒண்ணும் ஒசத்தி இல்ல. ஒயர் இழுத்த அன்னைக்கு மத்தியானம் என் பொண்டாட்டி சுட்டுக் குடுத்த, கறி அடைச்ச பேஸ்டி ஆறிக்கிட்டிருந்துச்சு. சார்ஜ் பாயிண்டுக்குக் கரண்டு வர்ற ஒயரையும் போற ஒயரையும் ஒண்ணோட ஒண்ணு முறுக்கித்தான் இழுக்கணும். நேத்து வேலைக்கு வந்தவனுக்குக்கூட அது தெரியும். பலகையில ஓட்டை சின்னதா இருந்துச்சு. பெருசாக்கக் கால் மணி நேரம் ஆகும். காம்பஸுக்கு இந்தப் பக்கம் ஒண்ண விட்டேன், அந்தப் பக்கம் ஒண்ண விட்டேன். போய்ச் சாப்பிட்டேன்.

வட்டம் ஓட்டினது நெசம்தான் மேடம். ஆனா அப்ப ஆறு பாயிண்டும் காலி. கரண்டு ஓடினாத்தான முறுக்காத ஒயர் காந்தமாட்டம் முள்ள இழுக்கும்? பனியில அவ ஓட்டினப்ப நாலு சாமான் சார்ஜ் ஏறிக்கிட்டிருந்துச்சு.

நேத்துச் சாயங்காலம் ஸ்குரூ டிரைவரோட வந்தேன். பத்து நிமிஷத்துல ஒயர முறுக்கி விட்டிருக்கலாம். உங்களுக்கும் தெரியாது, வக்கீலுக்கும் தெரியாது. பலகையக்கூடக் கழட்டிட்டேன். படகுதான் கரையில முட்டுக் குடுத்து நிக்குதே, அப்ப லவீனா கீழ சைக்கிள்ல போனா, கையாட்டினா. எனக்குத் திருப்பி ஆட்டக் கை வரல. வெக்கமாப் போச்சு. பலகைய மறுபடி பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

உங்க போனத் தாங்க. பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது. இந்தா, சொருகிட்டேன். இப்ப முள்ளப் பாருங்க.

எத்தன டிகிரி? நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்க. சொல்லிட்டு, அத என் பேருக்குக் கீழ எழுதுங்க.