மடிச்சு வெச்ச போட்டோ

ரொம்ப வருஷத்துக்கு முன்னால ஒரு நாள், விடியக்காலம் மூணு மணி. ஸ்டேடியத்துக்குப் பின்னால மலையச் சுத்திக்கிட்டுப் போற ரோடு. ரெண்டு விளக்கு எரியும், மூணாவது எரியாது... ஒரு ஈ காக்கா கிடையாது. அந்த ரோட்டுல ரொட்டி வேனை ஓட்டிக்கிட்டு வராரு ஃபெர்மீன். நம்ம பெத்தோவோட மாமா.

இன்னும் கிட்ட வாங்க. சத்தமாச் சொல்ல முடியாது, மனுஷன் இப்ப இந்த வீட்டுக்குள்ளதான் உக்காந்திருக்காரு. ஒரு தடவ குடிச்சுட்டு பெத்தோகிட்ட அழுதுக்கிட்டே சொன்னது இது.

லாஸ் ஏஞ்சல்ஸ்ல அந்த ரோடு சுத்திப் போற மேட்டைப் பத்தி நமக்கு யாரு சொல்லணும்? எல்லைக்குத் தெக்கேருந்து வந்த நம்ம சனம் வீடு கட்டி, ஆடு வளர்த்து, புள்ளைகுட்டி பெத்த இடம். சீனாக்காரன் காய்கறி வண்டி மூச்சு வாங்கிக்கிட்டு மேல ஏறி வரும். அப்புறம் நகரத்துக்காரங்க வந்தாங்க. புது வீடு கட்டித் தரோம், இப்ப காலி பண்ணுங்கன்னாங்க. பண்ணினோம். வீடும் வரல, ஒரு மண்ணும் வரல... பேஸ்பால் ஸ்டேடியம் வந்துச்சு. போக மாட்டேன்னவங்கள கையக் காலப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. பள்ளிக்கூடத்தை இடிக்கக்கூட இல்ல. கூரையப் பிரிச்சுட்டு, மேல மண்ணைக் கொட்டி அப்படியே மூடிட்டாங்க. அதுக்கு மேலதான் காரை நிறுத்திட்டு ஆட்டம் பாக்கப் போறாங்க. நினைச்சா இன்னிக்கும் வயிறு எரியுது.

அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச ரெட்டைங்கதான் ஒத்தீலியாவும் நந்தோவும். ஃபெர்மீனோட அக்கா, அண்ணன். நந்தோ எட்டு வயசுலேயே இருமி இருமிச் செத்துட்டான். ஃபெர்மீன் அப்ப கைக்குழந்தை. அம்மாவும் போனப்புறம் தம்பியத் தூக்கி வளர்த்தது ஒத்தீலியா அக்காதான். தனக்குன்னு ஒரு கல்யாணம்கூடப் பண்ணிக்கல. அக்கான்னா ஃபெர்மீனுக்கு உசிரு.

நவம்பர் வந்தா செத்தவங்களுக்குப் படையல் வைக்கிறோம். செண்டுமல்லி, மெழுகுவத்தி, ரொட்டி, அவங்க போட்டோ. ஆனா உயிரோட இருக்கறவங்க படம் அதுல வரக் கூடாது... வந்தா, அன்னிக்கு ராத்திரி படையலுக்கு வர்ற செத்தவங்க அவங்களையும் கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க. இது சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்.

நந்தோவுக்கு இருந்தது ஒரே போட்டோ. பள்ளிக்கூடப் படியில ரெட்டைங்க ரெண்டும் கையக் கோத்துக்கிட்டு நிக்குதுங்க. அதனால அக்கா அதை வெச்சதே இல்ல, அவன் பேரை மட்டும் எழுதி வெப்பாங்க. அந்த வருஷம் அவங்களுக்குக் கால் வீங்கி எழுந்திரிக்க முடியல. படையல் வேலை ஃபெர்மீன் தலையில விழுந்துச்சு. அக்கா ஒரு தடவயாவது படையல்ல அவன் முகத்தைப் பாக்கட்டுமேன்னு மனுஷன் ஒரு மூளை வேலை பண்ணினாரு. கத்தரிக்க மனசு வரல. போட்டோவ நடுவுல மடிச்சாரு... அக்கா பின்பக்கம் போயிட்டாங்க, நந்தோ மட்டும் முன்னால. மெழுகுவத்திய ஏத்தி வெச்சுட்டு வேலைக்குக் கிளம்பிட்டாரு.

அன்னிக்கு ராத்திரிதான் அந்த ரோடு.

வேன் முழுக்க அப்பத்தான் அடுப்புலேர்ந்து இறக்கின ரொட்டி. கமகமன்னு வாசனை... பட்டுனு நின்னுபோச்சு. அதுக்குப் பதிலா ஈர மண்ணு வாடை. சாக்பீஸ் வாடை. அப்புறம் ஒரு மணிச் சத்தம். டிங்... டிங்... கையால ஆட்டற மணி. வெளியிலேர்ந்து வரல. தாருக்கு அடியிலேர்ந்து வருது.

பிரேக்கை மிதிச்சாரு.

பொத்... பொத்... பொத்துனு வெறுங்கால் சத்தம். ரோட்டுக்குக் குறுக்கால புள்ளைங்க வரிசையாப் போகுதுங்க. ரெண்டு ரெண்டு பேரா, கையக் கோத்துக்கிட்டு. தலைமயிரெல்லாம் மண்ணு. ஒண்ணுகூட இவரைத் திரும்பிப் பாக்கல.

கடைசியா வந்தவன் நின்னுட்டான். பித்தான் போன சட்டை... போட்டோவுல இருக்கற அதே சட்டை. அவனும் ஒரு கையப் பிடிச்சிருக்கான். கை மட்டும். மணிக்கட்டுல திருஷ்டிக்குக் கட்டின சிவப்புக் கயிறு. அதுக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல, வெறும் பனி.

அப்பத்தான் ஃபெர்மீனுக்குப் பொறி தட்டுச்சு. மடிச்சது அக்காவத்தான். கோத்த அக்கா கை மட்டும்... மடிப்புக்கு இந்தப் பக்கமே நின்னுபோச்சு.

"ஃபெர்மீன்... மீதி எங்கடா?"

கோபமா எல்லாம் கேக்கல. பென்சிலக் காணோம்னு கேக்கற மாதிரி கேட்டான்.

"ஜோடி இல்லாம டீச்சர் உள்ள விட மாட்டாங்க. அவ வீட்டுலதானே இருக்கா?"

வேனை எப்படித் திருப்பினாரு, எந்தச் சிக்னல்ல நின்னாரு, எதுவும் அவருக்கு ஞாபகம் இல்ல. ரொட்டித் தட்டுங்க பின்னால உருண்டு சரிஞ்ச சத்தம் மட்டும் ஞாபகம் இருக்காம். கடவுளே, என்னை எடுத்துக்கோ, அவங்கள விட்டுருன்னு வழி முழுக்கக் கத்திக்கிட்டே வந்திருக்காரு.

வீட்டுக் கதவு தொறந்து கிடந்துச்சு. வாசல்லேர்ந்து படையல் வரைக்கும் தூவியிருந்த செண்டுமல்லி இதழெல்லாம் தரையோட ஒட்டிக் கிடந்துச்சு. சின்னச் சின்னப் பாதமா, ஈரமா.

அக்கா நாற்காலியில சாஞ்சு கிடந்தாங்க. வலது கை மட்டும் பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு இருந்துச்சு. ஃபெர்மீன் போட்டோவப் பிடுங்கிச் சட்டைக்குள்ள சொருகினாரு. மெழுகுவத்திய ஊதி அணைச்சாரு. அக்கா கண்ணைத் தொறந்தாங்க.

"எதுக்குடா இப்படி மாடு மாதிரி மூச்சு வாங்கற? வேலைக்குப் போகல?"

"ஒண்ணும் இல்லக்கா. நீ... நல்லா இருக்கியா?"

"கால் வீங்கிக் கிடக்கறவகிட்ட கேக்கற கேள்வியப் பாரு." அப்புறம் அவர் சட்டையவே பாத்தாங்க. "படத்தை எதுக்குடா எடுத்த? அவன் இன்னும் கிளம்பலையே..."

ஃபெர்மீன் அந்தக் கையத் தொட்டாரு. மணிக்கட்டு வரைக்கும் ஐஸ் மாதிரி இருந்துச்சு.

வந்தவங்கள வழியனுப்பிட்டுத்தான் படத்தை இறக்கணும், இல்லன்னா அவங்க இங்கயே தங்கிருவாங்க. பதட்டத்துல அதை மறந்துட்டாரு, பாவம்.

ஆனா அக்காவக் காப்பாத்திட்டாரு. அதுக்கப்புறம் அவங்க ரொம்பக் காலம் இருந்தாங்களே... இடது கையால சமைச்சாங்க, இடது கையால நம்ம எல்லார் மண்டையிலயும் குட்டு வெச்சாங்க. வலது கை எப்பவும் கொஞ்சம் தள்ளி, விரலை லேசா மடக்கி... பக்கவாதம்னுதானே நினைச்சோம்? சோபாவுல அந்தப் பக்கம் என்னிக்காவது யாரையாவது உக்கார விட்டிருக்காங்களா? யோசிச்சுப் பாருங்க.

நேத்து அக்கா கண்ணை மூடினதும், ஜெபமாலை சுத்தறதுக்கு அவங்க ரெண்டு கையையும் நம்ம பொம்பளைங்க நெஞ்சு மேல சேத்து வெக்கப் பாத்தாங்க. இடது கை வந்துச்சு. வலது கை வரல. "இழுக்காதீங்க, விட்டுருங்க"ன்னாரு ஃபெர்மீன். பெட்டிய மட்டும் அகலமாச் செய்யச் சொன்னாரு.

இப்ப ஜெபத்துக்குக் கூப்பிடுவாங்க, உள்ள போவோம். போனா பெட்டியில அக்காவுக்கு வலது பக்கம் பாருங்க... காலியா விட்டிருக்கு. சாயந்தரம் அந்தப் பக்கத்துத் தலையணைய நான்தான் நீவி விட்டேன். திரும்பத் திரும்ப நீவிட்டேன்...

சின்னதா ஒரு குழி விழுந்துக்கிட்டே இருக்கு.