டிரைவரிடம் கொடுத்துவிட்ட ஏலக்காய்

போடியிலிருந்து மதுரை போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு அக்காவும் தம்பியும். ஏலக்காயை ஆன்லைனில் விற்கிறவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. தேனி தாண்டியதும், போனைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி அலறிவிட்டான்.

“அக்கா, அந்த மதுரைக்காரரு சரக்கே வரலன்னு பேங்குல எழுதிக் குடுத்துட்டாரு. கார்டுல கட்டுன பணத்த நம்ம கணக்குலருந்து திருப்பி எடுத்துட்டாங்க!”

“வரலையா? மணம் ஆளைத் தூக்குதுன்னு அஞ்சு ஸ்டார் போட்டது அவருதானடா?”

“அவரேதான். சரக்கு குடுத்ததுக்கு அத்தாட்சி கேக்குறாங்க.”

“கூரியர் ரசீத அனுப்பு.”

தம்பி ஜன்னலைப் பார்த்தான்.

“கூரியர்லதான போட்ட?”

“பஸ் டிரைவரண்ணன்கிட்ட குடுத்துவிட்டேன்க்கா, வெரசா போயிருமேன்னு. மதுரை பஸ் ஸ்டாண்டுல அவரே வந்து வாங்கிக்கிட்டாரு.”

“கையெழுத்து?”

“அதுக்கெல்லாம் யாருக்கா கையெழுத்து வாங்குறா? ஊரே இப்படித்தான குடுத்துவிடுது.”

“அடப்பாவி! அந்த அஞ்சு ஸ்டாரையாவது போட்டோ புடிச்சு அனுப்பித் தொலை.”

“இப்பத்தான் பாத்தேன். அழிச்சிட்டாரு.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இனிமே அந்தாளு ஆர்டர் போட்டா தொடாத.”

“காலைலயே போட்டுட்டாருக்கா. ரெண்டு கிலோ. அதே கார்டு.”

“அனுப்பிட்டியா?”

தம்பி டிரைவர் பக்கம் கையைக் காட்டினான். இன்ஜின் மூடியின் மேல், சணல் கட்டிய அட்டைப்பெட்டி ஒன்று குலுங்கிக்கொண்டே எங்களோடு மதுரைக்கு வந்துகொண்டிருந்தது.