வாலில் அறுபத்திரண்டு ரிவிட்டு

…எல்லாம் அந்த நெவில் பீஸ்குட்டால வந்த வினைம்மா! ஒன்பது வருஷம் கூடவே இருந்து ப்ளேன் கட்டினவன், மூணு வாரமா இந்தப் பக்கம் தலை காட்டல. வாழைப்பழம் மாதிரி வழுக்கிட்டுப் போயிட்டான். அதனாலதான் டீ குடிக்க வந்த உங்கள ப்ளேன் வாலுக்குள்ள திணிக்க வேண்டியதாப் போச்சு. கோச்சுக்காதீங்க. இந்த ஏர்ஃபீல்டு கேண்டீன்ல பாத்தவுடனே நெனச்சேன், ஆஹா, நல்ல ஒல்லியான அம்மான்னு… அய்யய்யோ, தப்பா எடுத்துக்காதீங்க! வால் அளவுக்கு ஒல்லின்னு சொல்ல வந்தேன்.

போன வாரம் நானே உள்ள நுழைஞ்சு பாத்தேன். தோள்பட்டையோட சிக்கிக்கிச்சு. டோரீன்தான், என் பொண்டாட்டி, ரெண்டு காலையும் புடிச்சு இழுத்தா. இழுத்தாளா, சிரிச்சாளான்னு தெரியல. "சாசேஜ் ரோல் வேணாம் வேணாம்னு சொன்னேனே"ங்கறா. ஒன்பது வருஷத்துல ப்ளேன் ஒரு அங்குலம் வளரல, நான்தான் வளந்துட்டேன்.

கட்டைய சரியாப் புடிச்சிருக்கீங்களா? இன்னொரு தடவ சொல்லிடறேன். நான் வெளியேருந்து சுத்தி மெஷினால அடிப்பேன். ரிவிட்டுன்னா தகடு ரெண்டையும் சேத்துப் புடிக்கிற ஆணி, நீங்க உள்ளேருந்து அதோட கால்ல அந்த இரும்புக் கட்டைய அழுத்திப் புடிக்கணும். கால் நசுங்கி, சட்டப் பொத்தான் மாதிரி உக்காரும். நல்லா உக்காந்துதுன்னா ரெண்டு தட்டு தட்டுங்க. இன்னும் அடிக்கணும்னா ஒண்ணு. கெட்டுப்போச்சுன்னா மூணு. மெஷினுக்குக் காத்தடிக்கிற கம்ப்ரசர் சத்தத்துல தொண்ட கிழியக் கத்துனாலும் கேக்காது, தட்டுறதுதான் பாஷை. புரிஞ்சுதா?… ஆங், ரெண்டு தட்டு! கெட்டிக்காரி.

கம்ப்ரசர் கொதிக்குது, கொஞ்சம் ஆறட்டும். அங்கயே இருங்க. வெளிய வந்தா மறுபடி நுழையறது கஷ்டம்.

எங்க விட்டேன்? நெவில். ஸ்பிட்ஃபயர் கட்டணும்னு ஆச முதல்ல யாருக்கு வந்துது? எனக்கு! நான் பஸ் டெப்போ மெக்கானிக்கு. ஸ்டூல் மேல ஏறி பல்ப் மாத்துனா தல சுத்தும். ஏன் சிரிக்கிறீங்க? உள்ளேருந்து எதிரொலிக்குது! வாஸ்தவம்தான், நான் ஒரு தடவகூட மேல பறந்ததில்ல. அந்தக் காலத்துல சண்டைக்குப் போன ப்ளேன், இதே லிங்கன்ஷயர் மண்ணுலேருந்து கிளம்புனது, அதே மாதிரி ஒண்ணு பண்ணிப்புட்டு, கீழ நின்னு கழுத்து வலிக்கப் பாக்கணும்னு ஆச. ஓட்டறது நெவில். அவன் நாப்பது வருஷம் உருளக்கெழங்கு வயலுக்கு மருந்தடிக்கிற ப்ளேன் ஓட்டுனவன். அதான் ஒப்பந்தம். நான் அடிப்பேன், அவன் உள்ள புடிப்பான். ஆள் குட்டையா, உங்களாட்டம் இருப்பான்.

இப்ப அவன் கண்ணு போச்சு. போகல, போயிட்டிருக்கு. ப்ளேன் ஓட்டலாம்னு டாக்டர் கொடுத்த சீட்டு இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் செல்லும். அடுத்த சீட்டு கெடைக்காதுன்னு சொல்லிட்டாரு. முப்பதாம் தேதிக்குள்ள இது மேல போகலைன்னா, அவன் இதுல ஒக்காரவே முடியாது. வேற எவனோ ஓட்டுவான், நெவில் என் பக்கத்துல நின்னு அண்ணாந்து பாப்பான். இன்னிக்கு பதினொண்ணு. அதுக்குள்ள இந்த வீம்பு தேவையா அவனுக்கு?

என்ன நடந்துதா? வந்தாரும்மா, ப்ளேன சோதிக்கிற இன்ஸ்பெக்டர். அவர் கையெழுத்து இல்லாம ஒண்ணும் பறக்காது. வாலுக்குள்ள டார்ச்சும் கண்ணாடியும் விட்டுப் பாத்தாரு. ஒரே வரிசையில அறுபத்திரண்டு ரிவிட்டு, ஒண்ணுகூட உக்காரல, எல்லாம் கால் மடங்கிக் கெடக்கு; அதையெல்லாம் எடுத்துட்டுத்தான் இப்ப புதுசா அடிக்கறோம். கேண்டீன்ல, அத்தன பேரு முன்னாடி கேட்டாரு, "உள்ள இருந்தவர் தூங்கிட்டாரா?"ன்னு. நான் சொன்னேன், "அவன் ரெண்டு தட்டுனான் சார், நான் அடுத்ததுக்குப் போனேன்"னு. நெவில் கப்ப வெச்சான், தொப்பிய எடுத்தான், போயிட்டான். பதிலுக்கு ரெண்டு வார்த்த திட்டியிருக்கலாம்ல?

கால் ஏன் மடங்குச்சா? நல்லாக் கேக்குறீங்க கேள்வி… ரிவிட்டு ஒரு சைஸு நீளம். ரெண்டு டப்பா பக்கத்துல பக்கத்துல இருக்குமா, நீளம் ஒண்ணு, குட்டை ஒண்ணு. கை மாறிப்போச்சு. யாரோட கையா? இங்க வேற யாரு கை இருக்கு, என் கைதான். கண்ணாடி போடலம்மா. ஏன்னா… அன்னிக்கு வேடிக்க பாக்க அஞ்சாறு பேர் வந்திருந்தாங்க. ஒருத்தன் படம் புடிச்சான். கண்ணாடி போட்டா நான் கணக்கு வாத்தியார் மாதிரி இருக்கேன்னு டோரீன் சொல்லுவா. கழட்டி பாக்கெட்ல வெச்சுட்டேன். படம் நல்லாத்தான் வந்துது. இந்த மூஞ்சிக்கு அறுபத்திரண்டு ரிவிட்டு தண்டம்.

என்ன, வெளிய வரீங்க? முட்டி பத்திரம்… கட்டைய ஏன் கீழ வெச்சுட்டீங்க? கம்ப்ரசர் ஆறிடுச்சு, இனிமே… ஏன் அப்படிப் பாக்குறீங்க?

அன்னிக்கு நெவில் எத்தன தட்டு தட்டுனான்னா கேக்குறீங்க? அதான் சொன்னேனேம்மா, சத்தம், இந்தக் காதும் மந்தம்… டெப்போல முப்பது வருஷம்…

சரி, கோட்ட மாட்டாதீங்க. இருங்க. கார் எந்தப் பக்கம் போகுது? சர்ச்சுப் பக்கமா? அவன் வீடு அங்கதான். வேணாம், வேணாம், நீங்க போய்ச் சொல்லாதீங்க! நான்தான் சொல்லணும். டோரீன் கார எடுத்துட்டுப் போயிட்டா, என்ன ஏத்திக்கிறீங்களா? வழியில பேசவே மாட்டேன். சத்தியமா. என்ன சொல்றதுன்னு மனசுக்குள்ளயே ஒத்திக பாத்துக்கறேன். மூணு வாரமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன், ஒவ்வொரு தடவையும் காது மேலதான் பழிய போட வருது.

கேட்டுச்சும்மா. முதல் ரிவிட்டுலயே மூணு தட்டுனான். அடுத்ததுக்கும் மூணு. அவன் கட்டைய எடுத்திருந்தா தகடு சொட்டையாப் போயிருக்கும், அதனால கடைசி வரைக்கும் புடிச்சுக்கிட்டே இருந்தான், புடிச்சுக்கிட்டே தட்டுனான். படம் எடுக்கறவன் முன்னாடி எப்படி நிறுத்தறதுன்னு நான் அடிச்சுக்கிட்டே போனேன். அறுபத்திரண்டு தடவ கேட்டுச்சு எனக்கு.