பால்கனியில் சிறுகுறிஞ்சான்

சிறுகுறிஞ்சானுக்கு உச்சிவெயில் ஆகாது, மகாதேவா. அதனால்தான் பால்கனியில் கிழக்குப் பக்கமாகப் படர விட்டேன். தொண்ணூற்றெட்டில் ஓய்வு பெற்று புனேயில் இந்த லோஹேகாவுக்குக் குடிவந்தபோது வைத்த கன்று. இப்போது கம்பி தெரியாமல் இலை.

உன் அக்கா எப்படிப் போனாள் என்று கேட்கத்தானே வந்தாய்? உட்கார், சொல்கிறேன்.

பாலாம்பாளுக்குச் சர்க்கரை வியாதி என்பது உனக்குத் தெரியும். அவள் தின்ற கண்றாவி தெரியாது. காலையில் இன்சுலின் போட்டுக்கொள்வாள். மத்தியானம் பீரோவைத் திறந்து, புடவைக்குப் பின்னால் ஒளித்திருக்கும் பேடாவை எடுத்து வாயில் அடைத்துக்கொள்வாள். விரலிடுக்கில் ஒட்டியதைக்கூட விடாமல் நக்குவாள். சீ, பார்க்கச் சகிக்காது.

இந்த இலையை மென்றால் நாக்குக்கு இனிப்பே தெரியாது. சர்க்கரையை அள்ளிப் போட்டாலும் மணலைப் போலத்தான் இருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் நானே அவள் வாயில் திணித்து, விழுங்குகிற வரைக்கும் தாடையைப் பிடித்துக்கொள்வேன். உன் பிள்ளையின் பூணூல் கல்யாணத்தன்று பாயசத்தை வாயில் வைத்துவிட்டு அழுதாளே, அது இதனால்தான். எனக்கு அன்றைக்குத்தான் மனசு ஆறியது.

இந்த இலை சர்க்கரை வியாதியையே போக்கிவிடும் என்று காலனியில் பேச்சுப் பரவிவிட்டது. கீழ்வீட்டு மராட்டிக்கார மாமி, காகு என்று கூப்பிடுவோம், தினமும் வந்து, "காகா, தோன் பானம் த்யா நா" என்று ரெண்டு இலை கேட்பாள். விமானப்படைக் குவார்ட்டர்ஸிலிருந்துகூட வந்தார்கள். எல்லாரும் முதலில் விசாரிப்பது பாலாம்பாளைத்தான். அவள் இன்னும் ஊசி போட்டுக்கொள்கிறாள் என்று எந்த முகத்தோடு சொல்வேன்? நிறுத்து என்றேன். மாட்டேன் என்றாள். மருந்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவிட்டேன்.

"ஏன்னா, தலை சுத்தறது. விளையாடாதேள். மருந்தை எங்கே வெச்சேள்?"

"அதான் இலை இருக்கே. பேசாம படு."

ஓயாமல் தண்ணீர் குடித்தாள், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாள். மூச்சில் அழுகின பழ வாடை. அந்த நாற்றத்தில் உட்கார்ந்து துடைத்தது யார் என்று நினைக்கிறாய்? நான்தான். முகம் சுளித்துக்கொண்டாவது துடைத்தேன். "மகாதேவனைக் கூப்பிடுங்கோ" என்று முனகினாள். தவழ்ந்து போய் ரிசீவரை எடுத்தபோது ஒயரைப் பிடுங்கிவிட்டேன். டாக்டர் வந்திருந்தால் முதல் வேலையாக ஊசியைத்தான் போட்டிருப்பார்.

சாகப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். புரியாமல் செய்தேன் என்று நினைக்காதே. மருந்து என் சட்டைப் பையிலேயே இருந்தது. நடுவில் காகு மணி அடித்தாள். பாலாம்பாள் தூங்குகிறாள் என்று சொல்லி, இலை பறித்துக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது மூச்சு இல்லை.

போலீஸுக்குப் போவதானால் போ. நான் எதையும் மறுக்க மாட்டேன். ஆனால் காலனியில் மாரடைப்பு என்றுதான் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல். இலைக்கு வீணாகக் கெட்ட பேர் வந்துவிடக் கூடாது.