எண்ணெய் விட்ட ஏணி

காலையில் எழுந்ததும் பல் தேய்க்கிறேன். தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறேன். உட்காருவதற்கு முன் நாற்காலியை ஒரு தடவை ஆட்டிப் பார்க்கிறேன். பிறகு குடிக்கிறேன். நாற்காலியை ஆட்டுவது தொழில் பழக்கம். நீங்கள் உட்கார்ந்திருப்பதையும் நீங்கள் வருமுன் ஆட்டிப் பார்த்துவிட்டேன், ஐயா. பயப்பட வேண்டாம். உங்கள் உத்தியோகத்தைவிட அதிக நாள் தாங்கும்.

மடக்கு ஏணி செய்யும் நிறுவனத்தில் நான் வடிவமைப்புப் பொறியாளர். எந்தப் பாகத்தை எந்தப் பொருளில் செய்வது, அது எப்போது உடையும் என்று முன்கூட்டிச் சொல்வது, இரண்டும் என் வேலை. எங்கள் பிரிவில் ‘உடையும்’ என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘ஆயுள் முடியும்’ என்போம். கேட்க மரியாதையாக இருக்கும்.

ஏணியின் முன்காலையும் பின்காலையும் கோக்கும் கீலில் ‘பின்’ என்று ஓர் ஆணி இருக்கிறது. விரல் நீளம்தான். அதை எஃகில் செய்துவந்தோம். நான் நைலானுக்கு மாற்றச் சொன்னேன். துருப்பிடிக்காது, இலேசானது. எல்லாவற்றுக்கும் மேலாக நாணயமான பொருள். ஆயுள் முடிவதற்கு வெகு முன்பே கிரீச்சென்று கத்திச் சொல்லிவிடும். எஃகு அப்படியில்லை. அழுத்தமான ஆள், கடைசிவரை வாயைத் திறக்காது.

மேலாளர் சிரித்தார். “நாம ஏணி செய்றோமா, ஆர்மோனியம் செய்றோமா? அது கத்தினா எவன்யா காதுல வாங்கப் போறான்?”

நியாயமான கேள்வி. சோதனைக்கூட இயந்திரத்துக்குக் காது கிடையாது. காது உள்ள ஒருவர், விஷயம் தெரியாமல், அன்றாட வேலைக்கு ஏற வேண்டும். என் மனைவி ஒட்டடை அடிப்பாள், பரணைக் குடைவாள், பல்பு மாட்டுவாள். இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது அரிது.

கல்யாணமான புதிதிலிருந்தே என்னை ‘ஆராய்ச்சி’ என்றுதான் கூப்பிடுவாள். நைலான் பின் போட்ட ஏணியோடு நான் வாசலில் நின்றபோது மேலும் கீழும் பார்த்தாள்.

“என்ன ஆராய்ச்சி, பூ வாங்கிட்டு வருவீங்கன்னு பார்த்தா ஏணியத் தூக்கிட்டு வர்றீங்க? நான் தப்பிச்சுப் போறதுக்கா?”

ஆயுள் முடிந்தால் முதல் படியிலிருந்து சறுக்குவாள், முழங்கால் சிராய்க்கும் என்று கணக்கிட்டேன். பஞ்சும் மருந்தும் வாங்கி வைத்தேன். நான் அக்கறை இல்லாதவன் அல்ல.

மழைக்காலம் முடிவதற்குள் ஏணி கத்தத் தொடங்கியது. சந்தோஷத்தை மறைக்க அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன்.

“இது உங்க அக்கா மாதிரி, கால வைக்கும்போதே குத்தம் சொல்லுது,” என்றாள். “நான் இதுல ஏற மாட்டேன். அந்தக் கீல்ல என்னமோ இருக்கே, அத மாத்துங்க.”

அதையே தினமும் சொன்னாள். என் கருத்து நிரூபணமாகிவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் கத்துவதற்கும் உடைவதற்கும் நடுவில் எவ்வளவு அவகாசம் என்பதல்லவா முக்கியம்? பாதியில் விட்ட சோதனையை மேலாளர் முகத்தில் எப்படி நீட்டுவது? அவளோ ஏற மறுத்தாள்.

எஃகுப் பின் ஒன்று என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. அதை எடுக்கவில்லை. ஏணியைக் கொல்லைப் பக்கம் கொண்டுபோய், கீலில் நாலு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். “மாத்தியாச்சு,” என்றேன். எண்ணெய் பலத்தைக் குறைக்காது, ஐயா. சத்தத்தை மட்டும்தான் குறைக்கும். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் திரைச்சீலை மாட்ட ஏறினாள். சத்தம் இல்லாததால் தைரியமாக உச்சிப் படிவரை போய்விட்டாள். என் கணக்கில் அது இல்லை. நான் கீழே நின்று கொக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மேசை இருந்தது. அதன் விளிம்பு கருங்கல். பஞ்சு போதவில்லை.

உங்கள் போலீஸ் அறிக்கையில் விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு ‘தரமற்ற பின்னே காரணம்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் திருத்தச் சொல்லத்தான் உங்களை வரச் சொன்னேன். அந்த நைலான் பின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அது சொல்ல வேண்டியதை நேரத்தோடு சொன்னது. அதன் வாயை அடைத்தது நான். அதற்கு என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள்ளுங்கள். ஒரு நல்ல பொருளின் பெயர் கெடக் கூடாது.

கடைசியாக என்ன சொன்னாள் என்று அவள் அம்மா கேட்டார்கள். ‘அம்மா’ என்று கூப்பிட்டாள் என்றேன். பாவம், அத்தைக்கு அது ஓர் ஆறுதல். ஆனால் உங்களிடம் வாக்குமூலம் கொடுக்கும்போது ஒன்றும் பிசகக் கூடாது. கடைசிக் கொக்கியை வாங்கக் குனிந்தவள், உச்சிப் படியில் நின்றபடியே ஏணியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். என்னிடமிருந்து தொற்றிய பழக்கம். அப்புறம் என் தலையைத் தட்டிக்கொடுத்தாள்.

“சத்தமே காணோம் பாருங்க. நச்சரிச்சாத்தான் உங்களுக்கு உறைக்குது. நல்ல பிள்ள.”