மூன்றாவது கண்சாட்சி

விடியற்காலை ஐந்து பத்து. மார்கழி மாதம். மூக்கண்டப்பள்ளி ரோட்டில் ஓர் ஆள், ஒரு சைக்கிள். பனி என்றால் நம் ஓசூர்ப் பனி... முன்சக்கரம் எங்கே போகிறது என்று தெரியாது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஜன்னலையும் சாத்திவிடுங்கள்.

இது என் சிநேகிதன் ரசூலின் தாய்மாமன் ஜமீர் அகமதுவுக்கு நடந்தது. சிரிக்காதீர்கள். பேய் எப்போதும் சிநேகிதனின் மாமனுக்குத்தான் தெரியும், சொல்கிறவன் கண்ணில் படாது என்று எனக்கும் தெரியும். ஜமீருக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். அதைச் சலித்துப் பார்ப்பதுதான் அவர் வேலை.

எண்பத்தெட்டாம் வருஷம். ஓசூரில் அச்சகம் வைத்திருந்த நாராயணப்பன், இந்த வட்டாரத்துக்கென்று ஒரு கலைக்களஞ்சியம் போட்டுக்கொண்டிருந்தார். ஊர், கோயில், தர்கா, ஏரி... ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டு. எதற்குத் தனித் தலைப்பு, எது இன்னொன்றின் அடியில் ஒரு வரி என்று முடிவு செய்வது ஜமீர். ஊர்ப்பேச்சுக்கு மட்டும் நாராயணப்பன் ஒரு விதி வைத்திருந்தார். கண்ணால் பார்த்த மூன்று பேர், ஆளுக்கொரு கார்டில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு போதாது. மூன்று வந்துவிட்டால் யார் தடுத்தாலும் தனித் தலைப்பு.

'கா' வரிசையில் வந்து நின்றது 'கார்டுக்காரன்'.

தொழிற்பேட்டையில் அதைக் கேள்விப்படாத ஆள் கிடையாது. முதல் ஷிப்டுக்குப் போகிற வழியில், ரோட்டுக்கு அடியில் தண்ணீர் ஓடும் மோரி ஒன்று உண்டு. அங்கே போனதும் டிபன் கேரியர் மூடி தட்டும் சத்தம்... டிங்... டிங்... பிறகு கொள்ளு மசியல் வாசம். நீல யூனிபார்மில் ஒருத்தன், வந்த நேரத்தை மெஷினில் பதியும் டைம் ஆபீஸ் கார்டை நீட்டுவான்.

"எனக்கும் சேத்து பஞ்ச் அடிச்சிடுண்ணா. பின்னாலயே வரேன்."

லேட்டாகும் கூட்டாளிக்குக் கார்டு அடித்துக் கொடுப்பது அங்கே சகஜம். ஆகவே கை தானாக நீளும். வாங்கித் திரும்பிப் பார்த்தால்... ஆள் இருக்காது.

ஜமீர் நாற்பது பேரை விசாரித்தார். மச்சான் பார்த்தான், ரூம்மேட் பார்த்தான் என்றார்கள். ஒரு கண்கூட நேரில் பார்க்கவில்லை. அவருக்கு அது நிம்மதியாக இருந்தது. நாற்பத்தோராவதாக மத்தூர்க்காரர் பெருமாள் வந்தார். கார்டைச் சட்டைப் பையில் வைத்தாராம். கேட்டில் கைவிட்டபோது பை நிறையச் சேற்றுத் தண்ணீர். கையெழுத்துப் போட்டார். அடுத்து, கேட்டுக்கு எதிரே இட்லி விற்கும் வெங்கடம்மா.

"நாலு வருசமா பாக்கறேன் சாமி. யாராச்சும் உள்ள போறாங்களான்னு மட்டும் கேக்குது."

கைநாட்டு வைத்தாள். ஆக இரண்டு.

அன்று மாலை ஜமீர் இரண்டு கார்டையும் வீட்டு அடுப்பில் போட்டார். மனைவி வஜிஹா பார்த்தாள். பிறகு நாராயணப்பனிடம் போய், கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை, மூக்கண்டப்பள்ளிக்கு அடியில் ஒரு வரி போதும் என்றார். காலையில் ஆறு மணிக்கே மெஷின் ஓடும், அந்த வரியை எழுதிக்கொண்டு வந்துவிடு என்றார் அவர்.

ஏன் எரித்தார்? தனித் தலைப்பு என்றால் அந்தப் பேய் எப்படி வந்தது என்பதையும் எழுத வேண்டும். அது ஜமீர் ஒருவருக்குத்தான் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன் அவரும் அதே தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். பக்கத்து லேத் திம்மப்பன். ஒரு மார்கழி விடியலில் மோரிக்குப் பக்கத்தில் திம்மப்பனுக்குச் சைக்கிள் செயின் கழன்றது. கார்டை நீட்டினான். ஜமீர் வாங்கிப்போய் அடித்தார். ஐந்து ஐம்பத்திரண்டு. திம்மப்பன் வரவில்லை. ஏழு மணிக்கு அவன் மனைவி முனிலட்சுமி கேட்டுக்கு ஓடிவந்தாள். மோரிகிட்ட சைக்கிள் விழுந்து கிடக்கிறதாம், ஆளைக் காணோமாம். டைம் ஆபீஸில் கார்டை எடுத்துக் காட்டினார்கள். பஞ்ச் ஆகியிருக்கிறது, உள்ளேதான் இருக்கிறார், போம்மா. ஜமீர் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் வேலை போகும். வாயைத் திறக்கவில்லை. அவள் திரும்பிப் போனாள்.

மதியம் இரண்டு மணிக்கு மோரிக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். லாரி தூக்கி எறிந்திருந்தது. பன்னிரண்டு மணி வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

ஜமீர் அந்த வாரமே வேலையை விட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அந்த ஐந்து பத்துக்கு வாருங்கள். சட்டைப் பையில் அந்த ஒரு வரி எழுதிய கார்டு. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பனிக்குள் போனதை வஜிஹா வாசலில் நின்று பார்த்தாள்.

ஏழு மணிக்கு யாரோ சொன்னார்கள், மோரிகிட்ட ஒரு சைக்கிள் கிடக்கிறதென்று. வஜிஹா பதறி ஓசூருக்கு ஓடினாள். அச்சகத்தில் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வாசலில், கார்டு போடும் மரத் தட்டை நாராயணப்பன் எட்டிப் பார்த்தார்.

"கார்டு வந்துருக்கு பாரும்மா. அவரு கையெழுத்துதான், மைகூடக் காயல. உள்ள ப்ரூஃப் பாத்துட்டு இருப்பாரு. நீ போம்மா."

அவள் திரும்பிப் போனாள்.

இரண்டு மணிக்கு எடுத்தார்கள். அதே மோரி. டாக்டரும் அதையேதான் சொன்னார்.

அன்று மாலைதான் நாராயணப்பன் தட்டில் இருந்ததை எடுத்துப் படித்தார். ஒரு கார்டு இல்லை, மூன்று. முதல் இரண்டு பெருமாளுடையதும் வெங்கடம்மாவுடையதும். முழுசாக இருந்தன, ஆனால் அடுப்புப் புகை வாசம் அடித்தது. மூன்றாவது ஜமீரின் கையெழுத்து. திம்மப்பனைப் பற்றி நான் சொன்னது எல்லாம் அதில் ஒன்று விடாமல் இருந்தது. கடைசியில் இப்படி...

'இன்று அவன் என்னிடம் கார்டை நீட்டவில்லை. என் கார்டைக் கேட்டான். கொடுண்ணா, நான் சேத்து அடிச்சிடறேன், நீ பின்னாலயே வா என்றான்.'

மூன்று கண்சாட்சி. விதி விதிதான். கார்டுக்காரனுக்குத் தனித் தலைப்பு போட்டார்கள்.

அந்த மூன்றாவது கார்டை ரசூல் பார்த்திருக்கிறான். ஓரத்தில் ஊதா மையில், அழுத்தமாக, ஐந்து ஐம்பத்திரண்டு என்று பஞ்ச் அடித்திருக்கிறதாம்.

அச்சகத்தில் பஞ்ச் மெஷின் கிடையாது.