ஒரு சாட்சி போதும்

வவுனியாவிலிருந்து மாங்குளம் வழியாக முல்லைத்தீவு போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். தங்கை டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் எபிரேய மொழியும் யூதர் பண்பாடும் படிப்பவள், விடுமுறைக்கு வந்திருந்தாள்.

“காணாமல் போனவையின்ர மனிசிமாருக்கு யூதர்ர சட்டத்தில தனிப் பகுதியே இருக்கு, அக்கா.”

“எங்களுக்கும் இருக்கு. ரோட்டில, நாங்கள் போராட்டம் இருக்கிற கொட்டிலுக்குள்ள.”

“பகிடி விடாதை. புருசன் செத்ததுக்குச் சாட்சி இல்லாட்டி அவ திரும்பக் கலியாணம் கட்ட ஏலாது. ஆனால் ஒரு சாட்சி காணும்.”

“இவ்வளவு வருசத்துக்குப் பிறகு ஆர் வந்து சொல்லுறது?”

“அவவே சொல்லலாம். செத்திட்டார் எண்டு மனிசி சொன்னாலும் ஏற்பினம்.”

அக்கா குங்குமம் கலையாமல் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

“மாங்குளத்துக் கடைக்காரர் என்னைக் கலியாணம் கேட்டதை அம்மா உனக்குச் சொல்லிப்போட்டா, என்ன?”

“ஓம். இறங்கி ஆளோட ஒருக்காக் கதைச்சிட்டுப் போவம்.”

“நல்ல மனிசன்தான். எனக்கும் களைச்சுப் போச்சு. ஆனால் என்ர புருசனை ஆமியிட்டச் சரணடையச் சொல்லிக் கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் விட்டது நான். செத்திட்டார் எண்டு சொல்லுறதும் நானோ?”

மாங்குளத்தில் பேருந்து நின்றது. தங்கை எழுந்தாள். அக்கா எழவில்லை. பின்னால் நின்றவர்கள் இறங்க வழிவிட்டு, தங்கை மறுபடியும் அமர்ந்தாள்.